377 போன பிறகும்: பால்புதுமையர் உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக ஒரு சிறிய உதவிக்குழுவில் வேலை பார்க்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வரும் போன்களில் பாதி பயத்தில் வருபவை. மீதி, கேள்வியோடு வருபவை. பெற்றோர் கேட்கிறார்கள், ஆசிரியர்கள் கேட்கிறார்கள், ஒருமுறை ஒரு ஏட்டு கேட்டார். அந்தக் கேள்விகளைக் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டப் புத்தகத்தின், ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் வாரிசுகள். அதில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய பிரிவின் எண்தான் 377. அதனால் சில இடங்களில் நான்கையும் சேர்த்தே பேசுகிறேன்.

பால்புதுமையர் என்றால் யார்? எதற்கு இத்தனை சொற்கள்?

ஆண் ஆணையோ பெண் பெண்ணையோ விரும்புவது தன்பாலீர்ப்பு. இரு பாலரையும் விரும்புவது இருபாலீர்ப்பு. பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாகத் தன்னை உணர்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக உணர்பவர் திருநம்பி. உடலமைப்பிலேயே ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காமல் பிறப்பவர்கள் ஊடுபால் மக்கள். இவர்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்வதற்கான சொல்தான் பால்புதுமையர்.

சொல் முக்கியம். பத்திரிகைகள் நெடுங்காலம் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்றே எழுதின. ஒரு மனுஷனின் அன்பு, கோபம், வேலை, வாடகை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பார்க்கிற சொல் அது. பதினாறு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தமிழில் தேடினால் வசவுதான் முதலில் வந்து நிற்கும். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வலியுறுத்தியதால், தமிழக அரசு 2022-ல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்தச் சொற்களில் பல, அதற்கு முன்பே இந்த மக்களும் அவர்களின் அமைப்புகளும் தங்களுக்குள் புழங்கி உருவாக்கியவை.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கு அதிகம் வலிக்கும் கேள்வியும் இதுதான்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைத் திறந்தால், கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே ‘ஆண்மை திரிந்த’வர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர்களுக்கு எந்த வினைமுற்றைச் சேர்ப்பது என்பது இலக்கணக்காரரின் கவலை. அவர்களை உயர்திணையில், அதாவது மனிதர்களுக்குரிய திணையில் வைத்துத்தான் அந்தக் கேள்வியையே கேட்கிறார். உரையாசிரியர்கள் ‘பேடி வந்தாள்’ என்று எடுத்துக்காட்டும் தருகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று, பேடி வடிவில் ஆடும் பேடு.

அதற்காக, அந்தக் காலத்தில் எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பேடி என்ற சொல் அன்றே கோழையைத் திட்டுவதற்கும் பயன்பட்டிருக்கிறது. கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். ஒரே ஒரு ராத்திரிக்கு மணப்பெண்ணாக இருக்க இடம் தந்த மரபு அது. அந்த இடத்தின் அளவும் அதிலேயே தெரிகிறது. பழங்காலம் அனுமதித்ததா என்பதை வைத்து இன்றைய உரிமையை முடிவு செய்யவும் வேண்டாம். ஆனால் இப்படிப்பட்டவர்கள் இங்கே இருந்ததே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

வெளியிலிருந்து வந்தது எது என்று கேட்டால், தண்டனைதான்.

377 எங்கிருந்து வந்தது?

1533-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தில் ஆணோடு ஆண் கொள்ளும் உடலுறவுக்கு மரண தண்டனை விதித்து ஒரு சட்டம் போட்டார்கள். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-ல் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை எழுதியது. அது பல கைகள் மாறி 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் 377-ஆம் பிரிவு, ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை தரலாம் என்றது. எது இயற்கை, எது மாறு என்று எங்கும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதில்தான் போலீஸின் கைக்கு அவ்வளவு நீளம் கிடைத்தது.

இந்தப் புத்தகமே கப்பலேறி மற்றக் குடியேற்றங்களுக்கும் போனது. மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லா இடங்களிலும் அந்த 377 என்ற எண் கூட மாறவில்லை. இலங்கையில் 1883-ல் வந்தபோது எண் 365 ஆனது. பிரான்ஸ் 1791-லேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமில் இப்படி ஒரு சட்டம் இல்லாததற்கும், ஆங்கிலேயர் ஆண்ட பர்மாவில் இருப்பதற்கும், ‘கலாச்சாரம்’ என்பதைவிட யார் ஆண்டார்கள் என்பதே பொருத்தமான காரணம். இங்கிலாந்தும் வேல்ஸும் 1967-ல் தங்கள் ஊரில் இந்தக் குற்றத்தைப் பெருமளவு நீக்கிக்கொண்டன. நாம் அதைப் பண்பாடு என்று பெயர் வைத்துக் காப்பாற்றினோம்.

குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கும் திருநங்கைகளுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, பலருக்கும் இது தெரிவதில்லை. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, கைரேகை பதியச் சொன்னதால் வந்த ‘ரேகைச் சட்டம்’ என்ற பெயரும், 1920-ல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும்தான். அந்தச் சட்டத்தின் முதல் வடிவம் 1871-ல் வடஇந்தியாவில் வந்தது. அதன் இரண்டாம் பகுதி முழுவதும் ஹிஜ்ராக்களை, அதாவது வடஇந்தியத் திருநங்கைகளைப் பற்றியது. சந்தேகத்துக்குரியவர்களின் பெயரையும் சொத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவானவர் பெண் உடையில் பொது இடத்தில் தெரிந்தாலோ, ஆடினாலோ இரண்டு ஆண்டு வரை சிறை. உயில் எழுத முடியாது. தானம் கொடுக்க முடியாது. அப்படி முத்திரை குத்தப்பட்ட சீர்மரபினரும் ஹிஜ்ராக்களும் ஒரே சட்டத்தின் இரண்டு அத்தியாயங்களாக இருந்திருக்கிறார்கள்.

377-ல் யாரையும் உள்ளே போட்டதே இல்லையாமே? அப்புறம் என்ன பிரச்சினை?

இந்த வாதத்தை 2013-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 150 ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவாகத்தான் வழக்கு நடந்திருக்கிறது என்றது.

1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கைப் பாருங்கள். பெண் உடை உடுத்திப் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார் என்று அவரைப் பிடித்துப்போய், மருத்துவப் பரிசோதனை செய்து, 377-ல் தண்டித்தார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யாரோடு குற்றம் நடந்தது? எதற்கும் பதில் இல்லை. உயர் நீதிமன்றம் விடுவித்தது. தீர்ப்புப் புத்தகத்தில் இது ‘விடுதலை’. ஆனால் பாடியதற்காகப் பிடிபட்டு, உடல் முழுக்கச் சோதிக்கப்பட்டு, அடைக்கப்பட்டிருந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது.

பிறகு வந்த நூற்றாண்டிலும் கதை அதேதான். பூங்காவில், பஸ் ஸ்டாண்டில் பிடிப்பார்கள். ‘வீட்டுக்குச் சொல்லட்டுமா, கேஸ் போடட்டுமா’ என்பார்கள். பர்ஸில் இருப்பது, மோதிரம், சில சமயம் உடல், எல்லாம் போகும். எஃப்.ஐ.ஆர். வராது. 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்தவர்களையே 377-ஐக் காட்டி வாரக்கணக்கில் சிறையில் வைத்தார்கள்.

இந்தியாவில் அந்தச் சட்டம் எப்படி விழுந்தது?

எய்ட்ஸிலிருந்து தொடங்க வேண்டும். 1986-ல் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில்தான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு, இப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அரசுக்கே, அந்த மக்களிடம் போய் ஆணுறை கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தது. 1994-ல் திகார் சிறையில் ஆணுறை கொடுக்க நிர்வாகம் மறுத்தபோது, ஏ.பி.வி.ஏ. என்ற டெல்லிக் குழு 377-ஐ எதிர்த்து முதல் மனுவைப் போட்டது. 2001-ல் எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்துவந்த நாஸ் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றம் போனது. தெருவிலும் வேலை நடந்தது. 1999 ஜூலை 2-ல் கொல்கத்தாவில் பதினைந்து பேர் நடந்தார்கள். அதுதான் நாட்டின் முதல் வானவில் பேரணி. சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 2009 ஜூலை 2-ல், ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் ஆகிய இரண்டு நீதிபதிகளும் 377 சம்மதமுள்ள வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் சென்னை மெரினாவில் முதல் பேரணி நடந்திருந்தது.

நான்கரை ஆண்டுகூட அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. இந்த மக்கள் மிகச் சிறிய பின்னம் என்றது. எண்ணிக்கை குறைவாக இருப்பவர்களுக்குத்தானே அடிப்படை உரிமை தேவை? பெரும்பான்மைக்கு ஓட்டு இருக்கிறது.

2014-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் மூன்றாம் பாலினத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, சம்மதமுள்ள வயது வந்தவர்களைத் தண்டித்த 377-இன் பகுதியை நீக்கினார்கள். வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் என்ன நிலை?

இலங்கைக் கதை நெஞ்சைச் சுடும். 365ஏ பிரிவு ஆண்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. 1995-ல் திருத்தம் வந்தபோது குற்றத்தை நீக்குவதற்குப் பதிலாக ‘ஆண்’ என்பதை ‘நபர்’ என்று மாற்றினார்கள். பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். சமத்துவம் இப்படியும் வரலாம் போலிருக்கிறது. ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கிய ரோசானா ஃபிளேமர்-கல்தேரா ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 2022-ல் அந்தக் குழு, இந்தச் சட்டம் அவர் உரிமையை மீறுகிறது என்று முடிவு சொன்னது. 2023-ல் பிரேம்நாத் தொலவத்த என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நீக்க மசோதா கொண்டுவந்தபோது, அந்த மசோதா அரசியலமைப்புக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. வடக்கு கிழக்கில் போரின் தடமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. சீருடைக்காரரின் முன் அடையாள அட்டையை நீட்டியே பழகிய ஊரில், அட்டையிலிருக்கும் பாலினமும் முகமும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூரில் ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிக்க 1938-ல் தனியாகச் சேர்த்த 377ஏ, 2007-ல் 377 போன பிறகும் நின்றது. எம். ரவி என்ற தமிழ் வழக்கறிஞர் 2010-ல் தொடுத்த வழக்கு தோற்றாலும், எதிர்த்து நீதிமன்றம் போக உரிமை உண்டு என்பதை நிலைநாட்டியது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அதே கையோடு, திருமண வரையறையை நீதிமன்றம் மாற்ற முடியாதபடி அரசியலமைப்புக்கு ஒரு பூட்டும் போட்டது.

மலேசியாவில் 377ஏ, 377பி அப்படியே இருக்கின்றன. இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

இங்கே 377 போய்விட்டதே. இனி என்ன போராட்டம்?

2018-க்குப் பிறகு எங்களுக்கு வரும் போன்கள் குறையவில்லை. வகைதான் மாறியது. இப்போது அதிகம் வருவது ‘காணவில்லை’ புகார்.

இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வருகிறார்கள். இருவரும் மேஜர். பெற்றவர்கள் ஸ்டேஷனில் ‘பெண் காணவில்லை’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். ஆகிறது. செல்போன் டவரை வைத்துத் தேடிப் பிடிக்கிறார்கள். பிடித்ததும் ‘சமாதானம் பேசி’ அப்பாவோடு அனுப்பி வைக்கிறார்கள். எந்தச் சட்டப் பிரிவும் இதில் மீறப்படவில்லை என்றுதான் காகிதத்தில் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம் நடக்கும்.

தென்மாவட்டம் ஒன்றில் நான் கூடப் போன ஒரு நாள் மறக்கவில்லை. ஒருத்திக்கு 23, இன்னொருத்திக்கு 21. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் நிமிர்ந்து பார்க்காமலே, ‘இதுல யாரும்மா ஆம்பள?’ என்று கேட்டார். பெரியவள் பதில் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்து மேஜையில் வைத்தாள். எஸ்.ஐ. முதல் பக்கத்தைப் படித்தார், பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்தார். ‘இது நம்ம ஹைகோர்ட்டா?’ என்றார். வாக்குமூலம் வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே வேப்ப மரத்தடியில் சின்னவளின் அம்மா நின்றுகொண்டிருந்தார். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டே வந்து, அவளுடைய ஆஸ்துமா இன்ஹேலரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நகல் சுஷ்மா வழக்கின் உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், இப்படித்தான் இரண்டு ‘காணவில்லை’ வழக்குகள் பதிவாகி, பாதுகாப்புக் கேட்டு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்தது நம் நீதிமன்றங்களில் அபூர்வம். இந்த உறவைப் பற்றித் தனக்குச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பியவர், தானும் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 2021 ஜூன் 7-ல் உத்தரவு. காணவில்லை புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்த, மனமொத்த பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சைக்குத் தடை. அடுத்த ஆண்டே தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலும், இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சேர்க்கப்பட்டது.

வெள்ளைக்காரன் எழுதிய பிரிவை எதிர்க்க ஐந்து நீதிபதிகள் வேண்டியிருந்தது. வீட்டைச் சமாளிக்க ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் கவர் வேண்டியிருக்கிறது.

திருநங்கைகளுக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே?

தமிழகம் முன்னால் போனது உண்மை. 2008 ஏப்ரல் 15-ல் நல வாரியம் தொடங்கியது. அந்த நாளைத்தான் திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2015-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு திருநங்கை பிரித்திகா யாசினி எஸ்.ஐ. ஆகும் வழி திறந்தது. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருநர் பாதுகாப்புச் சட்டம், திருநரைப் பாலியல் வன்கொடுமை செய்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. அதே கொடுமை ஒரு பெண்ணுக்கு நடந்தால் குறைந்தது பத்து ஆண்டு. உயிருக்கு உயிர் இத்தனை வித்தியாசமா? பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 முழுக்கவே இல்லை. சம்மதமில்லாமல் ஆணுக்கோ திருநருக்கோ இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனைச் சட்டத்தில் மிச்சமிருந்த பிரிவும் அதோடு போனது.

இடஒதுக்கீட்டிலும் இதே குறை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தால் அங்கே எல்லோருடனும் போட்டி போட வேண்டும். ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்பதே கோரிக்கை. கர்நாடகம் 2021-ல் அப்படி ஒரு சதவீதம் கொடுத்தது. திருநம்பிகளைப் பற்றியோ கேட்கவே வேண்டாம், பல அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊடுபால் குழந்தை பிறந்தால், ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்க ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

உயிருக்கு ஆபத்து இருந்தால் ஒழிய, வேண்டாம். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார். அதே தீர்ப்பில் ஊடுபால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சையைத் தடுக்கச் சொன்னார். அந்த ஆண்டே தமிழக அரசு தடை ஆணை போட்டது. நாட்டிலேயே முதல் மாநிலம்.

இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ இங்கே கல்யாணம் செய்துகொள்ளலாமா?

சட்டப்படி பதிய முடியாது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. ஆனால் சேர்ந்து வாழத் தடை கிடையாது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், பெற்றோர் அடைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை ஆட்கொணர்வு மனுவில் விடுவித்தபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். மருத்துவமனையில் கையெழுத்து, வாரிசுரிமை, ரேஷன் அட்டை என்று வரும்போது அந்த வரி எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இனிமேல்தான் தெரியும்.

என் மகன் சொல்லிவிட்டான். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

அம்மா, முதலில் சாப்பிட்டீர்களா? இதை எல்லோரிடமும் கேட்பேன், ஏனென்றால் பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இது நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததல்ல. மருந்தாலோ மந்திரிப்பதாலோ கல்யாணத்தாலோ மாறுவதும் அல்ல. மாற்றுகிறேன் என்று ஒரு டாக்டர் பணம் கேட்டால், அதைத் தொழில்முறைக் குற்றமாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது என்று சொல்லுங்கள். பெண் பார்த்து முடித்து வைத்தால், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகும்.

உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லையா, பரவாயில்லை. அவனும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பல வருடம் எடுத்திருப்பான். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குப் புரியல, ஆனா நீ வீட்டை விட்டுப் போகாதே’ என்று ஒரு வாக்கியம் போதும், இன்றைக்கு. சொந்தக்காரர்களிடம் அவன் சம்மதம் இல்லாமல் சொல்லாதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். ஆதார் அட்டை, மதிப்பெண் பட்டியல், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால், இன்றைக்கு ராத்திரியே எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.